இருகண் பார்வையும் கணினியும்: அசைவைக் கண்டறிந்த வரலாறு

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயல்வோர் பலமுறை தவறுவர். நூலின் நுனி ஊசிக் காதுக்கு முன்னே நிற்கிறதா, பின்னே நிற்கிறதா என்பது ஒற்றைக் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. மூடிய கண்ணைத் திறந்தவுடன் கை தன் வழியைக் கண்டுகொள்கிறது. இச்சிறு செயலுக்குள் அடங்கிய உண்மையை மாந்தர் தெளிவுற உணர்வதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அதனை ஓர் இயந்திரத்துக்குக் கற்பிக்கும் முயற்சியோ அரை நூற்றாண்டைக் கடந்தும் தொடர்ந்து வருகிறது.

நிலையாக நிற்கும் பொருளின் தொலைவை அறிவது ஒன்று. நகரும் பொருள் எங்கே உள்ளது, எத்திசையில் செல்கிறது, எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பவற்றை ஒருங்கே அறிவது மற்றொன்று. தெருவோரம் நிறுத்தப்பட்ட இரு வாகனங்களுக்கு இடையிலிருந்து ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவருமானால், எதிரே வரும் காரை ஓட்டுபவருக்குக் கிடைப்பது ஒரு நொடியோ அதனினும் குறைந்த நேரமோதான். அந்நேரத்துக்குள் இயந்திரம் ஒன்று அக்குழந்தையைக் கண்டு, அதன் வழியைக் கணித்து, தடையை அழுத்த வேண்டுமானால் அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடிய அறிஞர்களின் வரலாறு, அறிவியல் எவ்வாறு வளர்கிறது என்பதற்கும் நல்லதொரு பாடமாகும்.

இரண்டு உருவங்கள், ஒரு காட்சி

வளர்ந்த மனிதரின் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. ஆகவே ஒரே பொருளை இடக்கண் ஒரு கோணத்திலும் வலக்கண் இன்னொரு கோணத்திலும் காண்கின்றன. இதனைப் பழங்காலத்தவர் அறியாமலில்லை. ஓர் உருண்டையை இரு கண்களாலும் நோக்கும்போது அதன் எவ்வளவு பகுதி தெரியும் என்று கிரேக்க அறிஞர் யூக்ளிட் ஆராய்ந்தார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன், ஒரு தூணை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்த்தால் அதன் பின்புலம் மாறித் தெரிவதைக் குறிப்பிட்டார். பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்த இப்னு அல்-ஹைத்தம் ஒளியியல் பற்றிய தம் பெருநூலில் இருகண் பார்வையை விரிவாக ஆய்ந்தார்.

ஆயினும் இவர்களைப் பெரிதும் வாட்டிய ஐயம் ஒன்றே. கண்கள் இரண்டாக இருக்க, காட்சி ஏன் ஒன்றாகத் தெரிகிறது என்பதே அது. இரு உருவங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு விளக்கித் தீர்க்க வேண்டிய ஓர் இடையூறாகவே கருதப்பட்டது. அவ்வேறுபாட்டினால் ஏதேனும் பயனுண்டா என்று கேட்டவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தோன்றினார்.

அவர் சார்லஸ் வீட்ஸ்டன். 1802ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த இவர் இசைக்கருவி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். 1838ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இவர் அரச கழகத்தின் முன் ஓர் ஆய்வுரையைப் படைத்தார். செங்கோணமாக இணைத்த இரு கண்ணாடிகள். அவற்றின் இருபுறமும் ஒரு கனவுருவத்தின் இரண்டு கோட்டோவியங்கள். ஒன்று இடக்கண் காணும் வகையிலும் மற்றொன்று வலக்கண் காணும் வகையிலும் வரையப்பட்டவை. கண்ணாடிகளின் முன் முகத்தை வைத்து நோக்கியவருக்குத் தட்டையான கோடுகள் மறைந்து, திரண்டெழுந்த கனவுருவம் வெளியில் நின்றது. இக்கருவியே ஸ்டீரியோஸ்கோப் எனப்பட்டது.

புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டான 1839இல்தான். எனவே வீட்ஸ்டனிடம் இருந்தவை கோட்டோவியங்கள் மட்டுமே. அதுவும் ஒரு வகையில் நன்மையாயிற்று. ஒளியோ நிழலோ இல்லாத கோடுகளிலிருந்தே ஆழம் பிறந்தமையால், அவ்வாழத்துக்கு இரு படங்களின் வேறுபாடு தவிர வேறு காரணம் இருக்க இடமில்லாமற் போயிற்று. 1849இல் டேவிட் புரூஸ்டர் வில்லைகள் பொருத்திய சிறிய கருவியை அமைத்தார். 1851ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த மாபெரும் கண்காட்சியில் அதனை விக்டோரியா அரசியார் கண்டு வியந்தார். அதன்பின் ஸ்டீரியோஸ்கோப் ஐரோப்பிய இல்லங்களின் வரவேற்பறைப் பொழுதுபோக்காயிற்று. ஆனால் அதில் தெரிந்த உலகம் உறைந்த உலகம். அங்கே எதுவும் அசையவில்லை.

காண இயலாதவர் விளக்கிய காட்சி

அசைவு இக்கதைக்குள் நுழைந்தது ஜெர்மனியின் ஜேனா நகரிலிருந்த சைஸ் நிறுவனத்தின் வழியாக. அங்குப் பணியாற்றிய கார்ல் புல்ஃபிரிக் 1901ஆம் ஆண்டில் ஸ்டீரியோ ஒப்பீட்டுக் கருவி ஒன்றை உருவாக்கினார். இரு புகைப்படத் தகடுகளை அருகருகே வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு கண்ணால் நோக்குமாறு அமைந்த நுண்கருவி அது. நிலவளத்தாரும் வானியலாரும் அதனை விரும்பி ஏற்றனர். ஹைடல்பர்க் வானியலாளர் மேக்ஸ் வோல்ஃப் விண்மீன் தகடுகளை ஒப்பிட அதனைப் பயன்படுத்தினார். வெவ்வேறு நாள்களில் எடுத்த இரு தகடுகளை இவ்வாறு நோக்கும்போது, இடம் மாறாத விண்மீன்கள் ஒரே தளத்தில் கிடக்க, இடம் பெயர்ந்தது மட்டும் முன்னோ பின்னோ விலகி நிற்கும். காலத்தின் வேறுபாடு ஆழமாகத் தோற்றம் கொண்டது.

அக்கருவியைக் கையாண்டவர்கள் ஒரு விந்தையையும் கண்டனர். தகடுகளை நகர்த்தும்போது, பக்கவாட்டில் மட்டுமே நகர வேண்டிய குறி சில வேளைகளில் முன்னும் பின்னும் செல்வதுபோல் தோன்றியது. புல்ஃபிரிக் இதனை ஆராய்ந்து 1922ஆம் ஆண்டில் விளக்கமளித்தார். விளக்கத்தின் மூலக்கருத்து தம் உடன்பணியாளர் ஃபெர்ட்ஷ் என்பாருடையது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இதனை எந்த வகுப்பறையிலும் செய்து காணலாம். நூலில் கட்டிய குண்டு ஒன்றை இடமும் வலமுமாக நேர்கோட்டில் ஊசலாட விட வேண்டும். எதிரே நிற்பவர் இரு கண்களையும் திறந்தபடி, ஒரு கண்ணின் முன் மட்டும் கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உடனே குண்டு நேர்கோட்டை விட்டு, நீள்வட்டமாகச் சுற்றுவது போல் தோன்றும். காரணம் எளிது. மங்கலான ஒளி மூளையை அடையச் சிறிது தாமதமாகிறது. ஆகவே மறைக்கப்பட்ட கண் குண்டு இப்போது இருக்கும் இடத்தைக் காட்டாமல், சற்று முன்பு இருந்த இடத்தைக் காட்டுகிறது. மூளை இந்த இடவேறுபாட்டைத் தொலைவின் வேறுபாடாகக் கொண்டுவிடுகிறது.

இன்றளவும் இத்தோற்றம் புல்ஃபிரிக்கின் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் அவரால் அதனைக் காண இயலவில்லை. பல்லாண்டுகளுக்கு முன்பே அவருடைய ஒரு கண் பார்வை இழந்திருந்தது. இருகண் பார்வைக்குக் கருவி சமைத்தவர், தாம் காண முடியாத ஒன்றைப் பிறர் கூறக் கேட்டு, அவர்கள் சொல்லை நம்பி, அளந்து, காரணமும் காட்டினார். நேரில் காணாதவரும் முறையாகச் சிந்தித்தால் உண்மையை எட்டலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. ஒரு வகையில் கணினியின் நிலையும் அதுவே. அதற்குக் காட்சி என்பது இல்லை. எண்களும் கணக்கும் மட்டுமே உண்டு.

புள்ளிகள் புகட்டிய பாடம்

எண்களைக் கொண்டே ஆழத்தைக் கண்டறிய இயலும் என்ற நம்பிக்கையைத் தந்தவர் பேலா யூலெஸ். ஹங்கேரியில் பிறந்து, 1956ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் தாயகம் நீங்கி அமெரிக்கா சென்ற இவர், பெல் ஆய்வுக்கூடத்தில் பணியில் அமர்ந்தார். கண் முதலில் பொருளை இன்னதென்று அறிந்துகொள்கிறது, பிறகே இரு உருவங்களையும் ஒப்பிடுகிறது என்ற எண்ணம் அக்காலத்தில் பரவியிருந்தது. இதனைச் சோதிக்க விரும்பிய யூலெஸ் கணினியின் துணைகொண்டு, கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகளைத் தாறுமாறாக இறைத்த இரு படங்களை உருவாக்கினார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் ஒன்றில் நடுவிலிருந்த சதுரப் பகுதியின் புள்ளிகள் மட்டும் சிறிது பக்கவாட்டில் நகர்த்தப்பட்டிருந்தன. தனித்தனியே நோக்கினால் எந்தப் படத்திலும் சதுரம் இல்லை. இரு கண்களாலும் சேர்த்து நோக்கினால் ஒரு சதுரம் தளத்திலிருந்து விலகி மிதந்தது. 1960ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, பொருளை அறிவதற்கு முன்பே ஆழத்தை அறிய முடியும் என்பதை நிறுவியது. அப்படியாயின் நாற்காலி இன்னது, மரம் இன்னது என்று அறியாத இயந்திரமும் அவற்றின் தொலைவைக் கணிக்கலாம்.

ஆயினும் ஒரு பெருந்தடை இருந்தது. இடப்படத்தின் இந்தப் புள்ளிக்கு வலப்படத்தின் எந்தப் புள்ளி இணை? ஒரு வரியில் ஒரே மாதிரியான நூறு புள்ளிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இணையாகக் கூடியவை பல. 1976ஆம் ஆண்டில் டேவிட் மாரும் டொமாசோ போஜியோவும் இதற்கு இரு விதிகளை முன்வைத்தனர். பருப்பொருளின் ஒரு புள்ளி ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும்; ஆதலின் ஒரு புள்ளிக்கு ஓர் இணையே கொள்ளல் வேண்டும் என்பது முதல் விதி. பொருள்களின் மேற்பரப்பு பெரும்பாலும் தொடர்ச்சியானது. ஆதலின் அருகருகேயுள்ள புள்ளிகளின் ஆழம் பெரிதும் மாறாது என்பது இரண்டாம் விதி. இவ்விரண்டையும் கொண்டே கணினி யூலெஸின் புள்ளிகளிலிருந்து மறைந்திருந்த வடிவத்தை மீட்டது. மார் 1980ஆம் ஆண்டில் தமது முப்பத்தைந்தாம் வயதில் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய பெருநூல் 1982இல், அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது.

ஐந்து மணி நேரப் பயணம்

ஆய்வுக்கூடத்துப் புள்ளிகளைவிட்டு மெய்யுலகில் இறங்கிய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக் நடத்தியது. சக்கரங்கள் பூண்ட ஒரு சிறு வண்டி. அதன் மேல் பக்கவாட்டில் நகரும் ஒரு கேமரா. வண்டி ஓரிடத்தில் நின்று, கேமராவை நகர்த்தி நகர்த்தி ஒன்பது படங்கள் எடுக்கும். அவற்றின் வேறுபாட்டைக் கணினி ஆராய்ந்து தடைகளின் தொலைவை அறியும். பின்னர் வண்டி ஏறத்தாழ ஒரு மீட்டர் நகரும். ஒவ்வோர் அடிக்கும் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆயிற்று. 1979ஆம் ஆண்டில் அவ்வண்டி நாற்காலிகள் நிறைந்த ஓர் அறையை மனிதர் உதவியின்றிக் கடந்தது. கடந்த தொலைவு சுமார் இருபது மீட்டர்; கழிந்த நேரம் சுமார் ஐந்து மணி.

அதே வண்டியை வெளியே வெயிலில் விட்டபோது அது தடுமாறியது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் கதிரவன் நகர்ந்துவிட, நிழல்களும் இடம் மாறின. உலகம் அசையாது என்று எண்ணிக் கணக்கிட்ட இயந்திரத்துக்கு நிழலின் நகர்வே பெருங்குழப்பமாயிற்று.

ஆனால் உலகம் அசையாத ஓரிடம் இருந்தது. 2004ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்னும் இரு ஊர்திகள் செவ்வாய்க் கோளில் இறங்கின. இரண்டும் இரட்டைக் கேமராக்களைக் கண்களாகக் கொண்டவை. மணற்சரிவுகளில் சக்கரம் சுழன்றும் ஊர்தி நகராமல் வழுக்கும். ஆகவே சக்கரச் சுழற்சியை எண்ணிப் பயனில்லை. நகர்வதற்கு முன் எடுத்த இரட்டைப் படத்தையும் பின் எடுத்த இரட்டைப் படத்தையும் ஒப்பிட்டு, தான் மெய்யாகவே எவ்வளவு நகர்ந்தது என்பதை ஊர்தியே கணித்தது. இம்முறையின் வேர் மொராவெக்கின் வண்டியில் உள்ளது.

நான்கு படங்கள், ஆறு எண்கள்

செவ்வாயில் ஊர்தி மட்டுமே நகர்கிறது. நம் தெருக்களிலோ கேமராவும் நகர்கிறது. எதிரே உள்ளவையும் நகர்கின்றன. இச்சிக்கலை அவிழ்க்கும் முனை 1981ஆம் ஆண்டில் கிடைத்தது. அவ்வாண்டில் பெர்த்தோல்டு ஹார்ன், பிரையன் ஷங்க் ஆகியோர் ஒரு முறையையும், புரூஸ் லூக்கஸ், தக்கேயோ கனடே ஆகியோர் மற்றொரு முறையையும் வெளியிட்டனர். படத்தின் ஒவ்வொரு சிறு பகுதியும் அடுத்த படத்தில் எங்கே சென்றது என்பதைக் கண்டறிவதே இரண்டின் நோக்கம். லூக்கஸ், கனடே ஆகியோரின் முறை இருகண் படங்களுக்கும் பொருந்துமாறு அமைந்தது. இடப்படத்துக்கும் வலப்படத்துக்கும் இணை தேடுவதும், முன்படத்துக்கும் பின்படத்துக்கும் இணை தேடுவதும் அடிப்படையில் ஒரே வேலை என்பது இதனால் தெளிவாயிற்று.

1999ஆம் ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சுந்தர் வேதுலா, கனடே முதலியோர் இவ்விரண்டையும் இணைத்து, காட்சியிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் முப்பரிமாண நகர்வையும் ஒரு முழுமையாகக் கணிக்கும் கருத்தை வகுத்தனர். 2005இல் ஜெர்மனியில் டைம்லர் நிறுவனத்தைச் சேர்ந்த ஊவே ஃபிராங்கே குழுவினர் இதனை ஓடும் காருக்குள் கொண்டுவந்தனர். இடம் இப்போது, வலம் இப்போது, இடம் சற்று முன்பு, வலம் சற்று முன்பு என நான்கு படங்கள். அவற்றிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு எண்கள்: இருப்பிடத்துக்கு மூன்று, வேகத்துக்கு மூன்று.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இக்கணக்கின் கடுமையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இரு கேமராக்களுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருக்கட்டும். கேமராவின் குவியத் தொலைவு படப்புள்ளிக் கணக்கில் 1,000 ஆகட்டும். அப்போது ஒரு பொருளின் தொலைவை மீட்டரில் அறிய, 300ஐ இரு படங்களின் வேறுபாட்டால் வகுத்தால் போதும். 10 மீட்டரில் வேறுபாடு 30 புள்ளி; 20 மீட்டரில் 15 புள்ளி; 60 மீட்டரில் 5 புள்ளி மட்டுமே. ஒரு புள்ளி குறைவாக அளந்துவிட்டால், 10 மீட்டரில் நேரும் பிழை ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். 60 மீட்டரிலோ 15 மீட்டர்.

இனி, 20 மீட்டர் தொலைவில் ஒருவர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நடக்கிறார் எனக் கொள்வோம். கேமரா நொடிக்கு 25 படங்கள் எடுத்தால், இரு படங்களுக்கு இடையே அவர் நகர்வது 6 சென்டிமீட்டர். குறுக்கே நடந்தால் அது படத்தில் 3 புள்ளியாகத் தெரியும். கேமராவை நோக்கி நேராக வந்தாலோ, வேறுபாடு மாறும் அளவு ஒரு புள்ளியின் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, பக்கவாட்டில் செல்வது கணினிக்கு எளிதில் தெரிகிறது. நேராக நெருங்கி வருவதே அரிதாகத் தெரிகிறது. எது மிகவும் ஆபத்தோ அதுவே கண்ணில் படுவது கடினம். இதனால்தான் ஒரு படத்தை மட்டும் நம்பாமல், அடுத்தடுத்து வரும் பல படங்களின் சான்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. 1960ஆம் ஆண்டில் ருடால்ஃப் கால்மன் வகுத்த கணித முறை அதற்குக் கைகொடுத்தது. பிழை மலிந்த அளவுகள் பல சேர்ந்து, நம்பத்தக்க ஓர் அளவைத் தருகின்றன.

புல்ஃபிரிக்கின் ஊசல் குண்டும் இங்கே திரும்பி வருகிறது. இரு கேமராக்களும் ஒரே கணத்தில் படமெடுக்கத் தவறி, நொடியின் நூறில் ஒரு பங்கு முன்பின்னாகிவிட்டது என்போம். 20 மீட்டர் தொலைவில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே செல்லும் கார் அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அது படத்தில் 5 புள்ளி. வேறுபாடு 15இலிருந்து 10 ஆகவோ 20 ஆகவோ மாறும். கார் 30 மீட்டரில் உள்ளதாகவோ 15 மீட்டரில் உள்ளதாகவோ கணினி எண்ணிவிடும். அன்று கறுப்புக் கண்ணாடி செய்த மாயத்தை இன்று ஒரு சிறு காலத் தவறு செய்துவிடுகிறது.

2013ஆம் ஆண்டில் இரட்டைக் கேமராக்கள் பொருத்திய மெர்சிடிஸ் கார்கள் விற்பனைக்கு வந்தன. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், கேமராக்களும் ரேடாரும் பொருத்திய ஆய்வுக் கார் ஒன்று மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தானே ஓடியது. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்து கண்காணித்தார். சில இடங்களில் அவர் குறுக்கிடவும் நேர்ந்தது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் அம்மையார் தம் இரு மகன்களுடன் கார் ஓட்டிச் சென்ற புகழ்பெற்ற வழி அதுவே.

கும்பிடுபூச்சியின் கண்ணாடி

இவ்வளவு கணக்கையும் இயற்கை வேறொரு வழியில் செய்திருக்கிறது. கும்பிடுபூச்சிக்கும் இருகண் பார்வை உண்டு என்பதை 1983ஆம் ஆண்டில் சாமுவேல் ரொசெல் காட்டினார். பின்னர் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீட், விவேக் நித்தியானந்தா முதலியோர் அப்பூச்சிகளின் முகத்தில் தேன்மெழுகினால் மிகச் சிறிய வண்ணக் கண்ணாடிகளை ஒட்டி, திரையில் படங்காட்டிச் சோதித்தனர். 2018இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பளிப்பது. கும்பிடுபூச்சி இரு கண்களின் படங்களையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுவதில்லை. எங்கே மாற்றம் நிகழ்கிறதோ அவ்விடத்தை மட்டுமே இரு கண்களிலும் பொருத்திப் பார்க்கிறது. அசையாத இலை அதற்குத் தேவையில்லை. அசையும் இரையின் தொலைவே தேவை. ஒரு சிறு பூச்சியின் மூளைக்கு இயலும் இவ்வெளிய வழி, சிறிய இயந்திரங்களுக்கும் பயன்படக்கூடும் என்று அறிஞர் கருதுகின்றனர்.

கணினியின் கண் இன்னும் முதிரவில்லை. கோலமற்ற வெள்ளைச் சுவரில் இணைப்புள்ளி தேடி அது இடர்ப்படுகிறது. பெருமழையிலும் இருளிலும் தடுமாறுகிறது. இக்குறைகளைக் களைய, எண்ணற்ற படங்களைக் காட்டிக் கணினிக்குப் பயிற்சி அளிக்கும் முறை அண்மை ஆண்டுகளில் ஓங்கி வளர்ந்துள்ளது. முறை எதுவாயினும் அதன் அடித்தளம் வீட்ஸ்டன் 1838இல் கண்டதே. இரு கண்களும் ஒன்றையே காட்டியிருந்தால் உலகம் தட்டையாகவே இருந்திருக்கும். நேற்றும் இன்றும் ஒரே படமாக இருந்தால் அசைவே இருந்திராது. முன்னோர் இடையூறு என்று எண்ணி ஒதுக்கிய வேறுபாட்டை ஒருவர் அளந்து பார்க்கத் துணிந்தார். தம்மால் காண இயலாததை மற்றொருவர் பிறர் சொல்லை நம்பி ஆராய்ந்தார். பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தையின் முன் ஒரு கார் உரிய நேரத்தில் நிற்குமானால், அத்தடையை அழுத்தியவர்களுள் அவ்விருவரும் அடங்குவர்.